அலை ஏறாத தொட்டி

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் வழியில்
எடைமேடைக்குப் பின்னால் எங்கள் தகரக் கூரை.
உள்ளே ஒன்பது மேக்னட்ரான்கள்,
உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில்
கிலோக் கணக்கில் வாங்கியவை.
யார் யார் வீட்டிலோ நேற்றைய சாம்பாரைச்
சுடவைத்துக் களைத்த அடுப்புகளின்
இதயம் என்று எழுதத்தான் ஆசை.
பார்க்க அது துடுப்பு வைத்த தகர டப்பா.
நான்கு உயிரோடு இருந்தன.

கலத்தைச் செய்து தந்தவர் கணபதி லேத் சென்னியப்பன்.
"கசியக் கூடாதுங்க" என்றேன்.
"தண்ணியா, காத்தா?"
"அலைங்க."
கண்ணுக்குத் தெரியாததற்கு வெல்டிங் அடித்ததில்லை
என்று சொல்லிவிட்டு
எஃகு விளிம்பை விரல் நகத்தால்
மூன்று சுற்றுத் தடவிப் பார்த்தார், சோற்று நேரம் போனதும் தெரியாமல்.
பில்லில் எழுதினார்:
பாத்திரம், மூடியுடன், ஒன்று.

முதல் நாள் இரண்டு கிலோ தேங்காய்த் தொட்டி.
வேசகாலத்து வெயிலில் பத்து நாள் காய்ந்தது,
தட்டினால் மணி மாதிரி பேசும்.
நைட்ரஜன் விட்டுக் காற்றைத் துரத்தி
பொத்தானை அமுக்கினோம், நானும் ஜெயந்தாமணியும்.
நூற்றுப் பத்து டிகிரி. ஆவி.
நூற்று முப்பது.
அதற்கு மேல் முள் நகரவில்லை.
ஈரம் இருக்கும் வரைதான் அலைக்குப் பிடிமானம்;
ஈரம் போனதும்
ஜன்னல் கண்ணாடியில் வெயில் புகுவது போல
இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது.
இரண்டு மணி நேரம், பத்து யூனிட்.
திறந்தால்
வெதுவெதுப்பாக, போட்டபடியே, தொட்டி.

பக்கத்துக் காட்டில் ருக்குமணிக்குக் கரிக்குழி.
தண்ணீர் ஊற்றி அணைக்கும் நாளில்
புகை கரூர் ரோடு வரைக்கும் படுத்திருக்கும்.
அவர் கிணற்றுத் தண்ணீர் வரக்காப்பி நிறம்.
கறவை மாடு மோந்துவிட்டு முகம் திருப்பும்.
குடிக்க லாரித் தண்ணீர், குடம் பத்து ரூபாய்.
"சோறு சுடவெக்கற பொட்டில
எங்கயாச்சும் கரி போட முடியுமாக்கும்?"

மூன்றாம் நாள் அவர் வந்து எட்டிப் பார்த்தபோது
முந்தானைக் கரித்தூள் கலத்துக்குள் உதிர்ந்தது
என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும்.
நடந்தது வேறு.
ஏதோ கட்டுரையில் படித்துவிட்டு
முந்நூறு கிராம் கரி கேட்டாள் ஜெயந்தாமணி.
ருக்குமணி எடை போட்டார்,
பன்னிரண்டு ரூபாய் எண்ணி வாங்கிக்கொண்டார்.

கரி அலையைக் குடிக்கும்.
குடித்துச் சிவந்து பக்கத்துத் தொட்டியைத் தொடும்.
தொட்ட தொட்டி கரியாகி அதுவும் குடிக்கும்.
தெருவுக்குள் ஒரு வதந்தி ஏறுவது மாதிரி
இருநூறு, இருநூற்று எண்பது,
நானூற்றைம்பது.
வெளியே மூட்டி உள்ளே சுடும் நெருப்புக்குப் பழகியவர்கள் நாங்கள்.
இது உள்ளே பிறந்தது.
சுவரில் கொஞ்ச நேரம் கை வைக்க முடிந்தது.

குளிர்குழாய் நுனியில் முதல் சொட்டு.
மேலே காடி வாசம், அடியில் தார்.
அதில் பீனால்.
பள்ளிக்கூடக் கழிவறையின் அதே நெடிக்கு
பிளைவுட் பசைக்காரர் ஒருவர் விலை கேட்கிறார்.
வாயுவைப் பர்னரில் விட்டோம்.
ஒரு சாண் நீலம்,
பிறகு மஞ்சள்,
பிறகு மின்வெட்டு.

கணக்கு இன்னும் கட்டுப்படியாகவில்லை.
எண்ணெய்க்குள் இருக்கும் சூட்டைவிட
மின்வாரியம் எழுதும் சூடு அதிகம்.
"ஆடிக் காத்து வரட்டும்" என்கிறாள் ஜெயந்தாமணி,
தூரத்தில் நின்றுபோன காற்றாலைகளைக் காட்டி.

நேற்று ருக்குமணி மறுபடி வந்தார்.
"இத அணைக்க எத்தன கொடம் தண்ணி?"
"வேண்டியதில்லைங்க. மூடுனபடியே ஆறிரும்."
சித்தெ நேரம் பேசவில்லை.
மேசை மேலிருந்த பாட்டிலை எடுத்து
வெளிச்சத்தில் சாய்த்தார்.
"எங் கெணறும் இதே நெறந்தானுங்க.
அதுக்கு யாரும் வெல கேக்குல."
ரோட்டில் தண்ணீர் லாரி ஆரன் அடித்தது.
பாட்டிலை வைத்துவிட்டு
குடம் எடுக்க ஓடினார்.